வன்னியில் ஏடும் எழுத்தும் – 17: ஆய்வுக் கட்டுரைக்கு ஒழுங்கு தரும் மென்பொருள்

சென்ற அத்தியாயத்தில் ஜே. பி. லூயிஸ் 1895இல் வெளியிட்ட வன்னி மாவட்டங்களின் கைந்நூலைப் பார்த்தோம். நூற்றாண்டு கடந்தும் ஆய்வாளர்கள் அதைப் புரட்டுகிறார்கள். தேடியது தேடிய தலைப்பின்கீழ் கிடைக்கும் என்ற நம்பிக்கை அதற்கு ஒரு முக்கிய காரணம். இந்த அத்தியாயம் அத்தகைய ஒழுங்கின் கதை. பதிப்பாசிரியரின் கை செய்துவந்த வேலையை மென்பொருள் எப்படி ஏற்றுக்கொண்டது? வவுனியா பம்பைமடுவிலும் கிளிநொச்சி அறிவியல் நகரிலும் எழுதப்படும் ஆய்வுக் கட்டுரைக்கு அதனால் கிடைத்தது என்ன? வன்னியின் தமிழ் எழுத்துக்கு இன்னும் கிடைக்காதது என்ன? இவற்றை வரிசையாகப் பார்ப்போம்.

பொறிக்கு முந்திய ஒழுங்கு

ஆய்வு நூலுக்கு ஒழுங்கு வேண்டும் என்பதை நமக்கு மேலைநாட்டார் வந்து சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஒல்லாந்தர் காலத்தில் மாதகல் மயில்வாகனப் புலவர் எழுதிய யாழ்ப்பாண வைபவமாலைக்கு மூலங்களாகக் கைலாயமாலை, வையாபாடல், பரராசசேகரன் உலா, இராசமுறை ஆகியவை சொல்லப்படுகின்றன. இவற்றுள் வையாபாடல் வன்னியர் வருகையைப் பாடும் நூல். எந்த நூலைத் தேர்ந்து இந்த நூல் எழுந்தது என்பதைப் பாயிரத்தில் சொல்வது நம் பழைய மரபு. இன்றைய கட்டுரையின் உசாத்துணைப் பட்டியல் செய்யும் வேலையை அன்று பாயிரம் செய்தது.

அச்சுக்காலம் வந்தபோது அந்த ஒழுங்கைச் சிறுப்பிட்டி சி. வை. தாமோதரம்பிள்ளை ஒரு படி உயர்த்தினார். தொல்காப்பியப் பொருளதிகாரத்தை 1885இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தபோது, ஏட்டுப் பிரதிகளைத் தேடித் திரட்டி ஒன்றோடொன்று ஒப்பிட்டார். மூலம் எது, உரை எது, மேற்கோள் எது என்று பிரித்துக் காட்டினார். ஓலையில் வரியும் உரையும் ஒரே ஓட்டமாக ஓடும். அதை வாசித்துப் பகுதி பகுதியாகப் பெயரிடும் வேலையைப் பதிப்பாசிரியரின் அறிவே செய்தது.

மேலைநாட்டில் இந்த ஒழுங்கு வேறு வழியாக வந்தது. இலண்டனில் 1665இல் ஹென்றி ஓல்டன்பர்க் தொடங்கிய அறிவியல் சஞ்சிகையின் கட்டுரைகள் பெரும்பாலும் கடித வடிவில் இருந்தன. முன்னுரை, முறை, முடிவு, கலந்துரையாடல் என்ற நான்கு பகுதி அமைப்பு இருபதாம் நூற்றாண்டில்தான் நிலைபெற்றது. அமெரிக்கத் தர நிறுவனம் 1972இல் அதைத் தன் விதிகளில் சேர்த்தது. மருத்துவச் சஞ்சிகை ஆசிரியர்கள் சிலர் கனடாவின் வன்கூவர் நகரில் 1978இல் கூடி, கட்டுரையும் உசாத்துணையும் எப்படி அமையவேண்டும் என்று பொது விதி வகுத்தார்கள். விதி பிறந்துவிட்டது. அதை ஒவ்வொரு கட்டுரையிலும் நிறைவேற்றும் உழைப்பு மனிதத் தோளிலேயே இருந்தது.

ஒரு பேராசிரியரின் அதிருப்தி

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் ஒரு வளாகமாகத் தொடங்கி மூன்றே ஆண்டுகள் ஆகியிருந்த காலம். கலிபோர்னியாவின் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகத்தில் கணினியியல் பேராசிரியராக இருந்த டொனால்ட் கனூத், தம் நூலின் இரண்டாம் பதிப்புக்கான அச்சுப்படிகளை 1977இல் பார்த்தார். ஈய எழுத்து போய் ஒளிவழி அச்சுக்கோப்பு வந்திருந்தது. கணிதக் குறியீடுகளின் அழகு கெட்டிருந்தது. தாமே ஒரு அச்சுக்கோப்பு மென்பொருளை எழுதத் துணிந்தார். 1978இல் அதன் முதல் வடிவம் வந்தது. அதன் பெயர் டெக். ஒவ்வொரு திருத்தத்துக்கும் அதன் பதிப்பு எண் கணிதத்தின் பை என்ற எண்ணை நோக்கி ஓர் இலக்கம் நகரும்.

டெக் அழகைத் தந்தது. அமைப்பைத் தந்தவர் லெஸ்லி லாம்போர்ட். 1980களில் அவர் டெக்கின் மேல் லாடெக் என்ற அடுக்கைக் கட்டினார். எழுத்து எத்தனை புள்ளி பெரிதாக இருக்கவேண்டும் என்று எழுதுபவர் சொல்லத் தேவையில்லை. இது தலைப்பு, இது சுருக்கம், இது இரண்டாம் பிரிவு, இது உசாத்துணை என்று சொன்னால் போதும். தோற்றத்தைச் சஞ்சிகையின் விதிக்கோப்பு பார்த்துக்கொள்ளும். அதே கட்டுரையை வேறு சஞ்சிகைக்கு அனுப்ப வேண்டுமானால் விதிக்கோப்பை மாற்றினால் பெரும்பகுதி வேலை முடிந்துவிடும்.

இதே சிந்தனை ஐபிஎம் நிறுவனத்தில் சார்ல்ஸ் கோல்ட்ஃபார்ப் முதலானோரிடம் 1969இலேயே தோன்றியிருந்தது. ஆவணத்தின் ஒவ்வொரு பகுதிக்கும் பெயரிட்டு அடைப்புக்குறியிடும் அவர்களது முறை வளர்ந்து, 1986இல் உலகத் தரமாயிற்று. அதன் எளிய வடிவமான எக்ஸ்எம்எல் 1998 பெப்ரவரி 10ஆம் திகதி வெளியானது. இன்று உலகின் ஆய்வுக் கட்டுரைகளைச் சுமப்பது அதுதான்.

அதே ஆண்டுகளில் வன்னி

இந்தத் திகதிகளை வன்னியின் நாட்காட்டியோடு சேர்த்து வாசிக்கவேண்டும்.

யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் விவசாய பீடம் கிளிநொச்சியில் 1990இல் தொடங்கியது. நெல்லும் குளமும் உள்ள மண்ணில் விவசாயத்தைக் கற்பிப்பது என்ற தெளிவான நோக்கம் அதற்கு இருந்தது. போர் அதை அங்கே நிற்க விடவில்லை. பீடம் யாழ்ப்பாணத்துக்கு இடம்பெயர்ந்தது. எக்ஸ்எம்எல் வெளியான 1998இன் செப்டெம்பரில் கிளிநொச்சி நகரம் கடும் போருக்குப் பின் கைமாறியது. வன்னிப் பெருநிலப்பரப்பில் மின்விநியோகம் இல்லை. எரிபொருளுக்கும் மின்கலத்துக்கும் தடை இருந்தது. உலகம் கட்டுரையைக் கணினிக்கு வாசிக்கத் தெரிந்த பொருளாக மாற்றிக்கொண்டிருந்த இருபது ஆண்டுகள், வன்னிக்கு மண்ணெண்ணெய் விளக்கின் ஆண்டுகளாக இருந்தன. இந்தப் பின்தங்கலுக்கு அறிவுக் குறைவு காரணமன்று. அந்தக் காலத்தில் இங்கே படித்தவர்களும் கற்பித்தவர்களும் செய்த உழைப்பைக் குறைத்து மதிப்பிட எவருக்கும் உரிமையில்லை.

வவுனியாவின் பாதை சற்று வேறு. வட மாகாண இணைந்த பல்கலைக்கழகக் கல்லூரி அங்கே 1991இல் அமைந்தது. 1997இல் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் வவுனியா வளாகமாயிற்று. 2021 ஆகஸ்ட் 1ஆம் திகதி தனிப் பல்கலைக்கழகமாக உயர்ந்தது. பிரயோக விஞ்ஞானம், வணிகக் கற்கைகள், தொழில்நுட்பக் கற்கைகள் என மூன்று பீடங்கள். விவசாய பீடம் போருக்குப் பின் கிளிநொச்சிக்குத் திரும்பியது. பொறியியற் பீடமும் தொழில்நுட்ப பீடமும் அதே அறிவியல் நகரில் எழுந்தன. முன்பு யாழ்ப்பாணம், பேராதனை, கொழும்பு என்று வெளியே எழுதப்பட்ட வன்னியின் மண்ணும் நீரும் இப்போது வன்னிக்குள்ளேயே ஆராயப்படுகின்றன. வவுனியாவின் சிறுநீரக நோயும் கிணற்று நீரும், இரணைமடுவின் பாசனம், நந்திக்கடல், கொக்கிளாய் களப்புகள் எல்லாம் இன்று ஆய்வுப் பொருள்கள்.

கட்டுரை கடக்கும் வழி

பம்பைமடுவில் ஒரு விரிவுரையாளர் வேர்ட் கோப்பில் கட்டுரை எழுதுகிறார் என்று கொள்வோம். அதன் பின் மென்பொருள் செய்யும் வேலையைப் படிப்படியாகப் பார்ப்போம்.

முதற்படி அடையாளம் காண்பது. தலைப்பு எது, எழுதியவர் யார், அவர் எந்த நிறுவனத்தவர், சுருக்கம் எங்கே முடிகிறது, எது படத்தின் விளக்க வரி என்று மென்பொருள் பிரிக்கவேண்டும். இதற்கு இரண்டு வழி உண்டு. எழுதியவர் வேர்டில் உள்ள நடைக்குறிகளைப் பயன்படுத்தித் தலைப்பைத் தலைப்பு என்று குறித்திருந்தால் மென்பொருள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளும். வேர்டுக்குள்ளேயே இயங்கும் எக்ஸ்டைல்ஸ் போன்ற மென்பொருள்கள், பதிப்பாசிரியர் இந்தக் குறிகளை விரைந்து இடவும் பிழை பார்க்கவும் உதவுகின்றன. குறியே இல்லாமல் வெறும் பிடிஎஃப் வந்தால் ஊகிக்கவேண்டும். பத்ரீஸ் லோபெஸ் 2008இல் தொடங்கி 2011இல் அனைவருக்கும் திறந்துவிட்ட கிரோபிட் அந்த ஊகத்தில் தேர்ந்தது. முன்பே குறியிட்ட கட்டுரைகளைப் பார்த்துப் பழகி, எழுத்தின் பருமன், பக்கத்தில் அதன் இடம், அடுத்து வரும் சொல் ஆகியவற்றைக் கொண்டு ஒவ்வொரு வரியின் பங்கையும் கணிக்கிறது.

இரண்டாம் படி உசாத்துணைப் பட்டியல். ஒரே வரியில் கிடக்கும் ஆசிரியர், ஆண்டு, தலைப்பு, சஞ்சிகை, தொகுதி, பக்கம் ஆகிய ஆறையும் தனித்தனியே பிரித்தெடுப்பது இந்தத் துறையின் மிகக் கடினமான வேலை. பிரித்ததை 2000இல் அமைந்த கிராஸ்ரெஃப் பதிவேட்டோடு ஒப்பிட்டு, கட்டுரையின் நிரந்தர எண்ணை மென்பொருள் சேர்க்கிறது. ஆண்டு பிழைத்திருந்தால் எச்சரிக்கிறது.

மூன்றாம் படி ஒரே அச்சில் வார்ப்பது. அமெரிக்க தேசிய மருத்துவ நூலகம் 2003இல் வெளியிட்ட குறியிடும் விதிகள், 2012இல் ஜாட்ஸ் என்ற பெயரில் தரமாயின. ஜாட்ஸ் வடிவில் ஒரு முறை அமைந்துவிட்டால், அதிலிருந்தே அச்சுப் பக்கமும் இணையப் பக்கமும் கைப்பேசிப் பக்கமும் பிறக்கும். பார்வையற்றவருக்கு வாசித்துக்காட்டும் கருவியும், தேடுபொறியும், மேற்கோள் எண்ணும் பதிவேடும் அதையே வாசிக்கும்.

இந்தப் பெருவேலையில் தமிழர் பங்கு சிறிதல்ல. ஐரோப்பிய, அமெரிக்கப் பதிப்பகங்களின் ஆய்வுச் சஞ்சிகைகள் பல நீண்ட காலமாகச் சென்னையிலும் புதுச்சேரியிலும் பக்கம் கட்டப்படுகின்றன. சென்னையின் டிஎன்க்யூ போன்ற நிறுவனங்கள் அதற்கான மென்பொருளையும் தாமே உருவாக்கின. அயலில், கேரளத்தின் திருவனந்தபுரத்தில் சி. வி. இராதாகிருஷ்ணன் டெக்கை அடித்தளமாகக் கொண்டு இதே தொழிலை வளர்த்தார். உலக அறிவியலின் ஆங்கிலக் கட்டுரைகளைக் குறியிட்டு ஒழுங்குசெய்யும் பணியில் ஆயிரக்கணக்கான தமிழ்க் கைகள் தேர்ச்சி பெற்றுவிட்டன. தமிழ் ஆய்வுக்கு அந்தத் தேர்ச்சி இன்னும் திரும்பி வரவில்லை.

இலங்கையில் இதற்கான வாசல் 2008இல் திறந்தது. தேசிய விஞ்ஞான மன்றம் ஒக்ஸ்போர்டின் இனாஸ்ப் அமைப்போடு சேர்ந்து, இலங்கைச் சஞ்சிகைகளை ஒரே இணையத் தளத்தில் ஏற்றத் தொடங்கியது. கனடாவின் ஜோன் வில்லின்ஸ்கி தொடங்கிய பொது அறிவுத் திட்டத்தின், சஞ்சிகை நடத்த உதவும் இலவச மென்பொருளான ஓஜேஎஸ் அதற்கு அடித்தளமானது. விவசாய பீடத்தின் ஜேர்னல் ஒஃப் ட்ரை சோன் அக்ரிகல்ச்சர், பம்பைமடுவின் வவுனியா ஜேர்னல் ஒஃப் சயன்ஸ் ஆகியவை இன்று வன்னியிலிருந்து உலகம் வாசிக்கும் சஞ்சிகைகள். பெரும் பதிப்பகத்தின் பணபலம் இல்லாத ஒரு பீடமும் சஞ்சிகை நடத்தலாம் என்ற நிலையை இந்த மென்பொருள்களே உருவாக்கின.

தமிழ் தடுக்கும் இரண்டு இடங்கள்

வன்னியின் அறிவு முழுவதும் ஆங்கிலச் சஞ்சிகையில் இல்லை. சி. எஸ். நவரத்தினம் 1960இல் வன்னியர் பற்றி ஆங்கிலத்தில் எழுதினார். ஆனால் முள்ளியவளை முல்லைமணி வே. சுப்பிரமணியம் போன்றோரின் உழைப்பு தமிழில் இருக்கிறது. குளங்களின் வரலாறும், கண்ணகை வழக்குரையும், கூத்து மரபும், இடப்பெயர் ஆய்வும் கோயில் கும்பாபிஷேக மலரிலும், பாடசாலை நூற்றாண்டு மலரிலும், பிரதேச கலாசாரப் பேரவை மலரிலும் சிதறிக் கிடக்கின்றன. அவற்றைக் கணினி வாசிக்கப் புகுந்தால் முதல் தடையாக நிற்பது எழுத்துரு.

ஈழத்தில் பெரும்பாலான தமிழ்த் தட்டச்சு நெடுங்காலம் பாமினியில் நடந்தது. பாமினி, ஆங்கில எழுத்தின் இடத்தில் தமிழ் உருவத்தை வைக்கும் எழுத்துரு. நம் கண்ணுக்குத் தமிழ் என்று தெரியும் சொல், கணினிக்குள் ஜே, கே, பி, ஓ என்ற நான்கு ஆங்கில எழுத்தும் ஓர் அரைப்புள்ளியுமாக மட்டுமே இருக்கிறது. எந்த மென்பொருளும் அதைத் தமிழாக உணராது. தலைப்பும் தெரியாது, ஆசிரியரும் தெரியாது, தேடினாலும் அகப்படாது. ஒருங்குறி எனப்படும் யூனிகோட் 1991இல் தன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் கொடுத்துவிட்டது. தமிழ்நாட்டரசு 2010இல் அதைத் தரமாக அறிவித்தது. சுரதா யாழ்வாணனின் பொங்குதமிழ் போன்ற மாற்றிகள் பாமினிக் கோப்பை ஒருங்குறிக்குக் கொண்டுவரும் வழியைக் காட்டிவிட்டன. இருந்தும் அச்சகத்துக்குப் போகும் மலர்களும் ஆய்வேடுகளும் பாமினியில் தொடர்ந்து அடிக்கப்படுகின்றன. நூலகம் திட்டம் 2005 முதல் பக்கங்களைப் படமெடுத்துக் காத்துவருகிறது. அந்தப் படங்களுக்குள் இருக்கும் எழுத்தை வாசகமாக மீட்கும் பணி ஒரு தலைமுறைப் பணி.

இரண்டாவது தடை பெயர். மென்பொருள்களின் அடிப்படை அமைப்பு குடும்பப் பெயர், முற்பெயர் என்ற இரண்டு பெட்டிகளை எதிர்பார்க்கிறது. நமக்குக் குடும்பப் பெயர் இல்லை. தாமோதரம்பிள்ளையின் முன்னெழுத்துகளில் சி என்பது ஊர், வை என்பது தந்தையார் வைரவநாதர். ஓர் ஆய்வாளர் ஒரு கட்டுரையில் தந்தை பெயரை முன்னும் மற்றதில் பின்னுமாக எழுதினால், முதலாவது அவர் பெயரிலும் மற்றது அவர் தகப்பனார் பெயரிலும் பதிவாகும். பதிவேட்டில் ஒருவர் இருவராகிறார். அவருடைய உழைப்பின் பாதி வேறு பெயருக்குப் போகிறது. பதவி உயர்வுக்கும் புலமைப்பரிசிலுக்கும் மேற்கோள் எண்ணிக்கை கேட்கப்படும் காலத்தில் இது உண்மையான இழப்பு.

தரம் இதற்கு வழி வைத்திருக்கிறது. குடும்பப் பெயர் இல்லாமல் தந்தை வழிப் பெயர் கொள்ளும் ஐஸ்லாந்து மக்களுக்கு ஜாட்ஸ் தனி அமைப்பைக் கொடுத்துள்ளது. தனிப்பெயர் மட்டும் உள்ளவர்க்கும் இடம் உண்டு. சிறிய நாடாகிய ஐஸ்லாந்தின் வழக்கம் உலகத் தரத்தில் ஏறியிருக்கிறது. நம்மவர் கேட்டால் நம் வழக்கமும் ஏறும். அதுவரைக்கும் 2012இல் தொடங்கிய ஓர்கிட் என்ற பதினாறு இலக்க ஆய்வாளர் எண்ணை ஒவ்வொருவரும் பெற்று, எல்லாக் கட்டுரையிலும் ஒரே பெயர் வடிவத்தோடு இடுவதே பாதுகாப்பு.

செய்யவேண்டியது

ஒழுங்குபடுத்தும் மென்பொருளால் ஆய்வின் தரம் உயராது. பிழையான தரவை அழகான கட்டத்தில் போட்டுக் கொடுக்கவும் அதற்குத் தெரியும். ஆனால் ஒழுங்கில்லாத நல்ல ஆய்வு இன்று எவர் கண்ணிலும் படாமல் அழியும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் போயின. போரில் வன்னியின் வீடுகளோடும் பாடசாலைகளோடும் போன கையெழுத்துப் படிகளுக்குக் கணக்கே இல்லை. எஞ்சியதைக் கணினிக்கு விளங்கும் வடிவில் வைக்காமல் விடுவதை இனி எந்த நெருக்கடியைக் காட்டியும் நியாயப்படுத்த முடியாது.

மூன்று வேலைகள் நம் கைக்கு எட்டியவை. ஒன்று, வவுனியாப் பல்கலைக்கழகமும் அறிவியல் நகரின் பீடங்களும் சேர்ந்து, தமிழ் ஆய்வுக் கட்டுரைக்கும் ஆய்வேட்டுக்கும் ஒரு பொது வார்ப்புருவை யூனிகோடில் ஆக்கி இலவசமாகத் தரலாம். ஜொனதன் கியூ 2004இல் கொண்டுவந்த சீடெக் தமிழை நேரடியாக ஏற்கிறது. கணினியியல் மாணவருக்கு இது தகுந்த இறுதியாண்டுச் செயற்றிட்டம். இரண்டு, கலாசாரப் பேரவைகளும் கோயில் மலர்க் குழுக்களும் அச்சகத்திடம் ஒருங்குறிக் கோப்பைக் கேட்டு வாங்கிச் சேமிக்கவேண்டும். மூன்றாவது எல்லாவற்றிலும் எளியது. ஆங்கிலக் கட்டுரைக்குள்ளேயே வேற்றுமொழித் தலைப்புக்கும் சுருக்கத்துக்கும் ஜாட்ஸ் இடம் ஒதுக்கியிருக்கிறது. வன்னியின் கிணற்று நீரைப் பற்றியும் நெல்லைப் பற்றியும் களப்பைப் பற்றியும் எழுதும் ஒவ்வொருவரும் அந்த இடத்தைத் தமிழால் நிரப்பவேண்டும். அந்த நீரைக் குடிப்பவரும் அந்த நெல்லை விதைப்பவரும் அந்தக் களப்பில் வலை வீசுபவரும் தம்மைப் பற்றி எழுதப்பட்டதைத் தம் மொழியில் வாசிக்க உரிமை உள்ளவர்கள். ஒரு பக்கச் சுருக்கம் போதும். அடுத்த கட்டுரையிலேயே அதைத் தொடங்குங்கள்.

(தொடரும்)